ஜாம்பவான் வீட்டு வளைவில்

போன மாதம் கிள்ளான் சமய வகுப்பில் கரடிக் கதையைச் சொல்லி முடித்ததும், பின் வரிசையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, அந்த நேரத்துல எந்தச் சாமியக் கூப்பிட்டீங்க?"

உண்மையைச் சொல்லணும்னா யாரையும் கூப்பிடல. பிரேக்கைத்தான் பிடிச்சேன். அதையும் சரியாப் பிடிக்கல. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது எது, நான் செய்த தப்பு எது, இதை இரண்டு நோட்டுப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்று என் இரண்டாம் ஆண்டு இயக்கவியல் நோட்டு. இன்னொன்று ஶ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தம் படித்தபோது எழுதி வைத்த குறிப்பு. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னது எனக்கே ஆச்சரியம்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர். நான், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அத்தை மகன், நம் கிளையில் முதலுதவி சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா, அவருடைய தம்பி. மாமாவின் வேனில் மவுண்டன் பைக் நாலையும் ஏற்றி, கோலகுபு பாரு தாண்டி, சிலாங்கூர் அணைக்கட்டை ஒட்டி மேலே போனால் பெர்த்தாக் என்று ஒரு கிராமம். தெமுவான் ஓராங் அஸ்லி மக்களின் ஊர். அணை கட்டியபோது இடம் மாற்றப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து லாத்தா மேடாங் அருவிப் பக்கமாக ஒரு மண் பாதை காட்டுக்குள் ஏறும். நாலு சக்கர வண்டிகள் போய்ப் போய் உழுது வைத்த பாதை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல். சைக்கிள்காரனுக்கு அதைவிட வேறென்ன வேணும்?

அனுமதி எடுத்தோம். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகவும் வைத்துக்கொண்டோம். அறுபது வயதிருக்கும், நாங்கள் "பாக் சிக்" என்று கூப்பிட்டோம். எங்களிடம் கியர் பைக், அவரிடம் பழைய கப்பு மோட்டார். இரண்டு பகல், ஓர் இரவு, முதுகில் பேக்பேக். திட்டம் அவ்வளவுதான்.

கிளம்பும்போது பாட்டி இரண்டு சின்னப் பித்தளை மணி கொடுத்தார். தெங்கு கிளானா சாலையில் பூஜை சாமான் கடையில் வாங்கியது. எனக்கு ஒன்று, அத்தை மகனுக்கு ஒன்று. "சைக்கிள்ல கட்டிக்கோங்கப்பா, காட்டுல போறீங்க." அவன் கட்டிக்கொண்டான். நானும் கட்டினேன். ஆனால் ஏறி அரை மணி நேரத்திலேயே அது கிணிங் கிணிங் என்று உயிரை வாங்கியது. ஆட்டு மந்தை மாதிரி இருக்கு என்று சொல்லிக் கழற்றி, பேக்பேக் அடியில் துணிக்குள் சுருட்டி வைத்தேன். இதை மறந்துவிடாதீர்கள்.

முதல் நாள் ஏற்றம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாதி தூரம் சைக்கிள் எங்களைச் சுமந்தது, மீதிப் பாதி நாங்கள் சைக்கிளைச் சுமந்தோம். ராத்திரி ஆற்றோரம் டென்ட். அத்தை கொடுத்தனுப்பிய நெய் உருண்டை டப்பாவை நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கப் போக, பாக் சிக் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லாச் சாப்பாட்டையும் இறுக்கி மூடும் வாளியில் போட்டு, டென்ட்டில் இருந்து நல்ல தூரம் தள்ளி வைத்தார். "எறும்புக்கா?" என்று கேட்டேன். "எறும்புக்கும்தான்" என்றார். அந்த "உம்" எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணி இருக்கும். இறக்கம். ராத்திரி மழையில் இலையெல்லாம் ஊறிக் கிடந்தது. மற்றவர்கள் சாமான் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை, முன்னால் விட்டுவிட்டேன். ஹேண்டலில் மாட்டியிருந்த மீட்டர் 22 கிலோமீட்டர் வேகம் காட்டியது. நல்ல குளிர்ந்த காற்று. காட்டுக்குள் என் சக்கரச் சத்தம்கூட எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் ஆறு இரைந்துகொண்டு ஓடியது.

ஒரு வளைவு. திரும்பினேன். பாதையில் பாதி மறித்து ஒரு பட்ட மரம் விழுந்து கிடந்தது. அதன் மேல் கறுப்பாக ஏதோ.

முதலில் நாய் என்றுதான் நினைத்தேன். பிறகு அது மரப்பட்டையை உரித்த விதத்தைப் பார்த்தேன். நாம் பலாப்பழம் பிளக்கிற மாதிரி, இரண்டு கையாலும். பின் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். டயர் பூட்டிக்கொண்டு வழுக்கியது. சைக்கிள் பக்கவாட்டில் சறுக்கி நின்றபோது எனக்கும் அதற்கும் நடுவில் ஆறு எட்டு இருந்திருக்கும். அது இரண்டு காலில் எழுந்து நின்றது. என் நெஞ்சு உயரம்தான். நெஞ்சில் மஞ்சளாக ஒரு பிறை. மூக்கைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றை இழுத்தது. அப்புறம் ஒரு சத்தம் போட்டது பாருங்கள். குரைப்பும் இல்லை, உறுமலும் இல்லை, இரண்டும் கலந்து என் வயிற்றுக்குள் கேட்டது. அதே நேரத்தில் பக்கத்து மரத்தில் சரசரவென்று சின்னதாக இன்னொரு கறுப்பு ஏறியது. குட்டி.

எனக்குக் கால் ஓடணும் ஓடணும் என்கிறது, ஆனால் நகரவே இல்லை. பின்னால் தூரத்தில் பாக் சிக் குரல்: "ஓடாதே. சைக்கிளைப் பிடி. முன்னால வை." சைக்கிளை எனக்கும் கரடிக்கும் நடுவில் நிறுத்தினேன். அவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் இல்லை, கரடியிடம். "போ அம்மா, போ, நாங்க போயிடுறோம்" என்கிற மாதிரி. நான் ஓர் எட்டு பின்னால். இன்னோர் எட்டு. அந்த நேரம் வளைவுக்கு மேலே இருந்து கிணிங் கிணிங் கிணிங். அத்தை மகன் வருகிறான். கரடி காதைத் திருப்பியது. ஊஃப் என்று மூச்சு விட்டது. நாலு காலில் இறங்கி மரத்தடிக்குப் போனது. குட்டி சறுக்கி இறங்கியது. இரண்டும் மூங்கிலுக்குள் போய்விட்டன.

மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அக்கா வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், எவ்வளவு என்று சொல்லவில்லை. பாக் சிக் விழுந்த மரத்தில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். கரடி பிளந்து போட்ட இடத்தில் கரையான்கள் வெள்ளையாக நெளிந்தன. என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுக்கு வாய் இல்லையா?"

இனி பாடத்துக்கு வருகிறேன்.

திரும்பி வருவதற்கு முன், வளைவில் எந்த இடத்தில் மரம் முதலில் கண்ணில் படுகிறதோ அங்கிருந்து மரம் வரை எட்டு வைத்து அளந்தேன். கிட்டத்தட்ட 20 மீட்டர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஊறிய இலையும் களிமண்ணும் கலந்த தரை, உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டேன். பத்துக்கு ஒன்று சரிவு. சரிவு அதில் 0.1ஐத் தின்றுவிடும், பிரேக்குக்கு மிச்சம் 0.2தான். பார்த்ததில் இருந்து கை பிரேக்கைப் பிடிக்கும் வரை ஒரு விநாடி.

மணிக்கு 22 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூளை "கரடி" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆறு மீட்டர் போச்சு. அப்புறம் நிற்க ஒன்பதரை மீட்டர். ஆகக் கூடி பதினைந்தரை. 20இல் கழித்தால் நாலரை மீட்டர், அதாவது என் ஆறு எட்டு. கணக்கும் காடும் இவ்வளவு பொருந்தியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் குமட்டியது. ஏனென்றால் அடுத்த வரியில் 27 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டேன். வந்த விடை 21.8 மீட்டர். அதாவது குட்டி வைத்திருக்கும் ஒரு தாய்க்கரடியின் மேல் சைக்கிளோடு போய் விழுந்திருப்பேன். வெறும் ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம். 12 கிலோமீட்டரில் வந்திருந்தால்? ஆறு மீட்டரில் நின்றிருப்பேன். நடுவில் பதினாலு மீட்டர் இருந்திருக்கும். அவ்வளவு தூரம் இருந்தால் கரடி எழுந்து நிற்கவே தேவை இருந்திருக்காது.

இது சும்மா காகிதக் கணக்கு இல்லை. 2016 ஜூன் 29ஆம் தேதி அமெரிக்காவின் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்துக் காட்டில், மவுண்டன் பைக்கில் வேகமாக வந்த ஒருவர் வளைவில் கிரிஸ்லி கரடி மேல் மோதி, அதன் தாக்குதலில் இறந்தார். அவர் காடு தெரியாதவர் இல்லை, வனத்துறையிலேயே அதிகாரி. விசாரித்தவர்கள் சொன்னதும் இதுதான்: கரடிக்கும் அவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள ஓரிரு விநாடிதான் கிடைத்தது. நடந்து போகிறவன் பேசுவான், செருமுவான், கிளையை மிதிப்பான். சைக்கிள் சத்தமில்லாமல், அதே நேரத்தில் வேகமாகவும் வரும். கரடி கணக்கில் அது பாய்ந்து வரும் மிருகம்.

இப்போது பாகவதத்துக்கு வாங்க. சியமந்தக மணி கதை எல்லாருக்கும் தெரியும். சத்ராஜித்துக்குச் சூரியன் கொடுத்த மணி. அவன் தம்பி பிரசேனன் அதை அணிந்து வேட்டைக்குப் போகிறான், சிங்கம் அவனைக் கொல்கிறது, சிங்கத்தை ஜாம்பவான் கொல்கிறார். பழி கிருஷ்ணன் மேல் விழுகிறது. கிருஷ்ணன் ஊராரைக் கூட்டிக்கொண்டு தடம் பிடித்துப் போகிறார். மனிதன் கிடக்கும் இடம், சிங்கம் கிடக்கும் இடம், கடைசியில் ஒரு குகை.

கதை சொல்லும்போது நாம் எல்லாரும் இங்கே இருந்து 28 நாள் சண்டைக்குத் தாவிவிடுகிறோம். சண்டை எப்படி ஆரம்பித்தது என்பதைக் கவனித்துப் படித்தீர்களா? ஜாம்பவான் அந்த மணியைத் தன் குழந்தைக்கு விளையாடக் கொடுத்திருக்கிறார். இருட்டுக் குகைக்குள் முன்பின் தெரியாத ஒரு மனிதன் வந்து குழந்தை பக்கத்தில் நிற்கிறான். தாதி பயந்து அலறுகிறாள். அந்த அலறலைக் கேட்டுத்தான் ஜாம்பவான் கோபத்தோடு பாய்கிறார். வந்திருப்பது தன் சுவாமி என்று அவருக்குத் தெரியாது. ராமாவதாரத்தில் யாருக்காகக் கடற்கரையில் நின்றாரோ, அனுமனுக்கு அவன் பலத்தை ஞாபகப்படுத்தி யாருக்காக அனுப்பி வைத்தாரோ, அவரோடுதான் இப்போது மல்லுக்கட்டுகிறார். 28 நாள் கழித்து உடம்பு தளர்ந்து, வேர்த்து, யார் என்று புரிந்த அந்தக் கணமே சண்டை நின்றுவிடுகிறது. மணியும் கொடுக்கிறார், மகள் ஜாம்பவதியையும் கொடுக்கிறார்.

அந்த வளைவில் நின்ற பிறகு இந்தப் பகுதியை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. வீடு, குட்டி, திடீரென்று வந்த அந்நியன், யார் என்று தெரியாத கோபம். பாகவதம் சொல்லும் வரிசையும் பாக் சிக் சொல்லும் வரிசையும் ஒன்றுதான். ஜாம்பவான் கெட்டவர் இல்லை. தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பகவானுக்கு 28 நாள் தாங்கும். எனக்கு 28 விநாடி தாங்காது.

(ஓர் இடைச்செருகல்: நம் நாட்டுக் கரடிக்கு மலாயில் "பெருவாங் மத்தஹாரி", சூரியக் கரடி என்று பெயர். நெஞ்சில் இருக்கும் மஞ்சள் பிறைதான் காரணம். சூரியன் கொடுத்த மணி, நெஞ்சில் சூரியன் உள்ள கரடி. இது புராணத்தில் இல்லை, என் கற்பனை மட்டுமே. ஆனாலும் அன்றைக்கு அது எழுந்து நின்றபோது பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.)

அந்தக் கரடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் இருக்கும் எட்டு வகைக் கரடிகளில் இதுதான் ஆகச் சிறியது. பெரிய ஆணே 65 கிலோ அளவுதான் வரும். சின்னது என்று ஏமாறாதீர்கள். நகம் நீளம், தாடை பலம், தோல் தொளதொளவென்று இருப்பதால் பின்னால் பிடித்தாலும் திரும்பிக் கடிக்கும். கண் பார்வை சுமார்தான், மூக்கு அபாரம். அது எழுந்து நிற்பது எப்போதுமே அடிக்க இல்லை, முகர்ந்து பார்க்கத்தான் பெரும்பாலும். நீளமான நாக்கை விட்டுத் தேன் எடுக்கும், கரையான் தின்னும், பழம் தின்றால் விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ப் போடும். கொடுக்கு இல்லாத கெலுலுட் தேனீயின் கூட்டைத் தேடி உயிர் மரத்தில் பொந்து தோண்டும். அந்தப் பொந்தில் பிறகு இருவாட்சி மாதிரிப் பறவைகள் குடியிருக்கும். மண்ணைக் கிளறும், மரத்தைத் துளைக்கும், செடி நடும். பட்டம் வாங்காத சிவில் இன்ஜினியர். எங்கள் துறையில் இவ்வளவு வேலையை ஒரே ஆள் செய்தால் சம்பளம் கட்டுப்படியாகாது.

சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் பித்தப்பைக்காகக் கொல்கிறார்கள், கண்ணி வைக்கிறார்கள், குட்டியைப் பிடித்து விற்கிறார்கள். 2019இல் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் கரடிக்குட்டி தலையை நீட்டிக் கத்திய வீடியோ எத்தனை பேருடைய போனில் வந்தது! "சோ கியூட்" என்று போட்டு நாமும் அனுப்பினோம். கரடி குட்டியைத் தானாக யாரிடமும் கொடுத்துவிடாது. ஒரு குட்டி ஊருக்குள் வந்திருந்தால் காட்டில் அதன் தாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். குட்டியை யாராவது வைத்திருப்பதைப் பார்த்தால் லைக் போடுவதை விட்டுவிட்டு பெர்ஹிலித்தானுக்குப் போன் போடுங்கள்.

நம் இயக்கத்தில் மலையேறப் போகிறவர்கள் கூடிக்கொண்டு இருக்கிறார்கள், நல்லது. அதனால் பாக் சிக் சொன்னதையும் அக்கா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். விடிகிற நேரம், பொழுது சாய்கிற நேரம், ஆற்றுச் சத்தம் உள்ள இடம், கண் எட்டாத வளைவு, இந்த நாலிலும் மெதுவாகப் போங்கள், சத்தம் கொடுத்துக்கொண்டு போங்கள். இயர்போன் வேண்டாம். முன்னால் தனியாக ஓடாதீர்கள் (யார் சொல்கிறான் பாருங்கள்). பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள். அது நம்மைவிட நன்றாக ஏறும். குட்டி தெரிந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சைக்கிளை முன்னால் வைத்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு பின்னால் நகருங்கள். போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். மேலே விழுந்துவிட்டது என்றால் குப்புறப் படுத்து, கழுத்தின் பின்புறத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்ளுங்கள், பேக்பேக்கைக் கழற்றவே கூடாது. சாப்பாடு டென்ட்டுக்குள் வேண்டாம். நெய் உருண்டைக்கும் இதே சட்டம்தான்.

ஒன்று கவனித்தீர்களா? குகை வாசலில் கிருஷ்ணன் ஊராரை நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். அவர்கள் 12 நாள் காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். துவாரகையே அழுதது. எத்தனை மணி வரை காத்திருக்கணும், வரலைன்னா யாருக்குச் சொல்லணும், இதைக் கிளம்பும் முன்பே எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் பயணத்தில் அதை மட்டும் அக்கா புண்ணியத்தில் ஒழுங்காகச் செய்திருந்தோம்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. மழை விட்ட திடலில் உங்கள் சைக்கிளை எடுத்துப் போங்கள். ஒரு கோடு போடுங்கள். 12 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் கூட்டாளி "கரடி" என்று கத்தட்டும், பிரேக் பிடியுங்கள். நின்ற தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு 20இல். பின் பிரேக் மட்டும் பிடித்து ஒரு தடவை, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு தடவை. ஹெல்மெட் இல்லாதவர்கள் அளக்கும் வேலையை மட்டும் பார்க்கட்டும். கூடவே பாகவதம் பத்தாம் ஸ்கந்தம் 56ஆம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாருங்கள். தாதி அலறாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் யோசித்து வரணும்.

என் மணி இப்போது ஹேண்டலில்தான் இருக்கிறது. கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறேன். புக்கிட் கியாராவில் எதிரே வருகிற ஓட்டக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.